சிலுவைப்பாதை போற வழியில் ஒரு வெறுங்காணி

தபசு காலம் தொடங்கினால் எங்களுக்குள்ளே ஒரு கேள்வி சுத்தும்: "இந்த முறை நீ என்னத்தை விடுறாய்?" ஒருவர் இறைச்சியை விடுவார். ஒருவர் டிக்டொக்கை விடுவார். போன வருசம் ஒரு தம்பி தேத்தண்ணிக்குச் சீனியை விட்டான். உயிர்த்த ஞாயிறு விடிய எழும்பி மூன்று கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்தான். சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால் நாங்கள் எல்லோருமே அந்தத் தம்பிதான். நாற்பது நாள் ஒன்றைத் தள்ளி வைப்போம், பிறகு விட்ட இடத்திலிருந்தே எடுப்போம்.

தண்ணீரூற்று பெரும்பாலும் சைவ ஊர். ஊற்றங்கரைப் பிள்ளையாரும் பக்கத்தில் வற்றாப்பளை அம்மனும்தான் இந்தப் பக்கத்துக்கு அடையாளம். அதுக்குள்ளே நாங்கள் கொஞ்சப் பேர் வேதக்காரர். எங்கட கூட்டத்திலேயே பூசைக்குப் போறவர்களும் இருக்கிறோம், சபைக்குப் போறவர்களும் இருக்கிறோம். கொஞ்சப் பேராய் இருக்கிற இடத்தில் வெளி அடையாளம் பெரிதாகிவிடும். நட்சத்திரம் உயரமாய்க் கட்டவேணும், கரோல் போற லேண்ட்மாஸ்டரில் ஸ்பீக்கர் அடுத்த ஊருக்குக் கேட்கவேணும், பாலன் குடில் போன வருசத்தைவிடப் பெரிதாய் இருக்கவேணும். இதையெல்லாம் நாங்கள் இழிவாய்ச் சொல்லவில்லை. மீள்குடியேறி, தறப்பாளுக்குக் கீழே முதல் நத்தாரைக் கொண்டாடின சனத்துக்கு ஒரு சோடனை என்ன பெறுமதி என்று எங்களுக்குத் தெரியும். எல்லாம் சோடனையோடேயே முடிஞ்சு போறதுதான் எங்களுக்குக் கரைச்சலாய் இருக்கிறது.

ஏனென்றால் இந்த மண்ணில் வேறு மாதிரி வாழ்ந்து காட்டிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வட்டுவாகல் பாலம் இங்கேயிருந்து சைக்கிளில் போகிற தூரம். 2009 மே 18 அன்று அந்தப் பக்கத்தால் வெளியேறிய சனத்துக்குள்ளே குருக்களும் இருந்தார்கள். யாழ் மறைமாவட்டக் குரு சரத்ஜீவன் அடிகளார் கடைசி நாள் வரை சனத்தோடேயே நின்றார். வெளியே வந்த அன்றைக்கே உயிர் போய்விட்டது. யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராய் இருந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், சரணடையப் போனவர்களோடு பஸ்ஸில் ஏறினார் என்று கண்டவர்கள் சொல்கிறார்கள். அதுக்குப் பிறகு அவரைக் கண்டதாய் யாரும் சொல்லவில்லை. மன்னார் ஆயராய் இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் போய், அரசாங்கத்தின் கணக்குகளையே கூட்டிக் கழித்துக் காட்டி, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த நேரத்தில் அப்படிக் கேட்பது என்ன மாதிரி என்று வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் இறந்தது 2021 ஏப்ரல் 1. அன்று பெரிய வியாழன், பாதம் கழுவுகிற நாள்.

இவர்களைப் பற்றி மே மாதத்தில் கதைக்கிறது எங்களுக்குச் சுகம். கஞ்சி காய்ச்சுவம், விளக்கேற்றுவம், கண் கலங்குவம். அவர்கள் நின்றது எங்களுக்காக. ஆனால் எங்கட ஆட்கள் இல்லை என்று நாங்கள் நினைக்கிறவர்களுக்காக நாங்கள் எங்கே நின்றோம்?

சிலுவைப்பாதை போற ஒழுங்கையில் ஒரு வெறுங்காணி இருக்கிறது. அத்திவாரம் மட்டும் மிச்சம், பாதி மூடின ஒரு கிணறு. சின்ன வயதிலிருந்து அதைக் கடந்துதான் போறோம், யாருடையது என்று கேட்டதில்லை. இந்தத் தபசில்தான் கேட்டோம். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் இருந்தவை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து கிட்டத்தட்ட 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இவர்களும் போனார்கள். கனபேர் புத்தளம் பக்கம் முகாம்களில் இருபது வருசம் இருந்தார்கள். முகாமிலேயே பிறந்து, வளர்ந்து, கலியாணம் கட்டினவர்களும் இருக்கிறார்கள். 2009க்குப் பிறகு கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். அந்தக் காணிக்கு யாரும் வரவில்லை.

கேட்கத் தொடங்கியதும் எங்களில் ஒருத்தியின் வீட்டிலிருந்து ஒரு கதை வந்தது. அவளுடைய அப்பப்பா 1991இல் வீடு கட்டும்போது கதவு நிலைகளை மலிவாய் வாங்கினாராம். எங்கேயிருந்து கழற்றினது என்று அவருக்குத் தெரியும். "ஆளில்லாத வீடுதானே" என்று வாங்கினாராம். 2009இல் அவர்களும் ஓடினார்கள். முகாமிலிருந்து திரும்பி வந்து பார்க்க, அவர்களுடைய வீட்டு நிலைகளையும் யாரோ கழற்றிக் கொண்டு போயிருந்தார்கள். கூரைத் தகரமும் இல்லை. அந்தக் களவைப் பற்றி அந்த வீட்டில் இன்றைக்கும் கோபமாய்க் கதைப்பார்கள். முதல் களவை இப்போதுதான், அதுவும் குரலைத் தாழ்த்தித்தான், சொன்னார்கள்.

இதைக் கேட்ட பிறகு எங்களுக்கு சக்கேயுவின் கதை வேறு மாதிரித் தெரிந்தது. ஞாயிறு பள்ளியில் அத்திமரத்தில் ஏறின குள்ளன் என்று படம் கீறிப் பழகியவன். யேசு வீட்டுக்கு வந்ததும் அவன் என்ன செய்தான்? நவநாள் வைக்கவில்லை, நேர்த்திக்கடன் சொல்லவில்லை. ஆட்களை ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். மனம் திரும்புதல் என்பது அங்கே கண்ணீர்க் கணக்கு இல்லை, காசுக் கணக்கு. எங்கட ஒறுத்தல் முயற்சிகளில் எங்களுக்குச் சொந்தமானதை விடுறோம். எங்களுக்குச் சொந்தமில்லாததை விடுறதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

இதைக் கூட்டத்தில் கதைத்தபோது சண்டை வந்தது. வரத்தான் வேணும். "1990இல் கிழக்கில எங்கட சனத்தை வெட்டேக்க முஸ்லிம் ஊர்காவல் படை நிக்கேல்லையோ?" என்று ஒரு அண்ணா கேட்டார். நின்றது உண்மை, அந்தச் சாவுகளும் உண்மை. தண்ணீரூற்றில் சுருட்டுச் சுத்தினவரும் கடை வைத்திருந்தவரும் அதைச் செய்யவில்லை என்பதும் உண்மை. இன்னொருவர் 2019ஐ எடுத்தார். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார், மட்டக்களப்பு சீயோன். சீயோனில் செத்ததில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர். அதுக்குப் பிறகு எங்களில் சிலர் முஸ்லிம் கடையில் தேத்தண்ணி குடிக்கிறதை விட்டோம். இது யாரும் சொல்லித் தராத ஒறுத்தல். சீனியை விட்ட தம்பிக்கு நாற்பது நாள்தான் தாங்கியது, இது மட்டும் எங்களில் சிலருக்கு இன்னும் தாங்குகிறது. எங்கட மாவீரர் குடும்பம் ஒவ்வொன்றையும் ஆமி சந்தேகமாய்ப் பார்த்த வருசங்கள் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருவர் செய்ததுக்கு ஒரு இனமே பதில் சொல்லவேணும் என்ற நியாயத்தால் அடிபட்ட நாங்கள், அதே நியாயத்தை எடுத்துக் கொண்டு வியாழக்கிழமை பாதம் கழுவப் போறோம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017இலிருந்து முல்லைத்தீவில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அரசாங்கத்திடம் கேட்கிறது ஒன்றுதான்: உண்மையைச் சொல்லுங்கோ. எங்கட ஊர் சொல்லவேண்டிய உண்மையை நாங்கள் மறைத்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருக்க ஏலாது. அம்மாக்களின் கேள்வி இதனால் பலவீனப்படும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

போன கிழமை நாங்கள் ஐந்து பேர், திரும்பி வந்த ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போனோம். நோன்பு நேரம், தண்ணிகூடக் கேட்கக்கூடாது என்று முதலே கதைத்துக்கொண்டு போனோம். கதவு நிலைக் கதையை அவள்தான் சொன்னாள், நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பெரியவர் அப்பப்பாவின் பெயரைக் கேட்டார். பிறகு, "ஆள் இருக்கிறாரோ?" என்றார். மாத்தளனில் ஷெல் பட்டதைச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. "அவர் நல்லா வொலிபோல் அடிப்பார், பிள்ளை" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த வெறுங்காணி தன்னுடைய மச்சானுடையது என்றார். எல்லை தெரிய வேணுமென்றால் பத்தையை வெட்டவேணுமாம். சனிக்கிழமை வாறம் என்று சொல்லிவிட்டு வந்தோம். நோன்பு திறக்கிற நேரம் இருந்து போகச் சொன்னார், இருந்தோம். கஞ்சி தந்தார்கள்.

பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாதை அந்த ஒழுங்கையால்தான் வரும். பத்தாம் நிலையை, உடைகளை உரிகிற நிலையை, அந்தக் காணிப் படலையில் வைக்கலாமோ என்று கேட்டிருக்கிறோம். செபத்துக்குள்ளே அரசியலைக் கொண்டு வராதையுங்கோ என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஊர்வலம் நிற்காமல் போனாலும் எங்களில் ஏழு பேர் அங்கே நிற்பம். அந்த அண்ணா வரமாட்டார். கத்தி மட்டும் தாறேன் என்றிருக்கிறார், பத்தை வெட்ட.