லைவ் ஸ்கோர் ஒன்று சொல்லும், கையெழுத்துப் போட்ட அட்டை இன்னொன்று சொல்லும்: கோல்ஃபில் எது செல்லும்?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பெண்கள் கோல்ஃபின் கடைசி நாள். அதிதி அசோக் என்ற பெயரை அதுவரை கேள்விப்படாதவர்கள்கூட விடியற்காலையில் எழுந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். மூன்று சுற்று முடிவில் அவர் தனியாக இரண்டாவது இடத்தில் இருந்தார். உலகத் தரவரிசையில் 200வது இடத்தில் இருந்த ஒருவர், முதலிடத்தில் இருந்த நெல்லி கோர்டாவோடு கடைசி குரூப்பில் நடந்துகொண்டிருந்தார்.

நான் அப்போது கூரத்தில் இருந்தேன். காஞ்சிபுரத்தை ஒட்டிய சின்ன ஊர். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்றால் பெரியவர்களுக்குப் புரியும், பல்லவர் செப்பேடு கிடைத்த ஊர் என்றால் வரலாறு படித்தவர்களுக்குப் புரியும். கோல்ஃபுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அன்று காலை பக்கத்து வீட்டுப் பையன் என் போனை எட்டிப் பார்த்துக் கேட்டான்: "அண்ணா, மைனஸ்ல இருந்தா தோக்கிறாங்கன்னுதானே அர்த்தம்?"

இல்லடா, கோல்ஃபில் மைனஸ்தான் நல்லது என்று விளக்குவதற்குள் திரையில் எண் மாறியது. நடுவில் மழை, இடி என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். அப்போதும் ரெஃப்ரெஷ் செய்துகொண்டேதான் இருந்தோம். கடைசியில் கோர்டா மைனஸ் 17, ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் மைனஸ் 16, அதிதி மைனஸ் 15. ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கம் போனது. அன்று மாலை நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வாங்கியதில் இந்தச் சோகம் அடங்கிப்போனது என்பது வேறு கதை.

அன்று நான் பார்த்தது கோல்ஃப் அல்ல. ஒரு அட்டவணையை. நம்மில் பெரும்பாலானோருக்கு கோல்ஃப் என்பது இதுதான். கிண்டி குதிரைப்பந்தய மைதானத்துக்குள் இருந்த புல்வெளியோ, ஊட்டி, கொடைக்கானல் மைதானங்களோ, வேலிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற சமாச்சாரம். உள்ளே போக மெம்பர்ஷிப் வேண்டும். லைவ் ஸ்கோர்தான் அந்த கேட்டைத் தாண்டி நம்மை உள்ளே கூட்டிப்போகிறது. அதனால்தான் அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இல்லையா?

இல்லை. கிரிக்கெட்டில் ஒரு நேரத்தில் ஒரு பந்துதான். ஸ்கோரர் ஓரிடத்தில் உட்கார்ந்தே முழு ஆட்டத்தையும் பார்க்கலாம். ஊர் டோர்னமென்ட்டில் கிரிக்ஹீரோஸ் ஆப்பில் ஸ்கோர் போடும் பையனுக்கும் அதே வசதி உண்டு, மரத்தடியில் உட்கார்ந்தால் போதும்.

கோல்ஃபில் அப்படி ஓர் இடமே கிடையாது. பெரிய போட்டி ஒன்றில் 156 பேர் ஆடுகிறார்கள் என்று வையுங்கள். மூன்று மூன்று பேராகப் பிரிந்து, நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட இடத்தில், 18 குழிகளில் பரவி நிற்பார்கள். ஒருவர் 3வது குழியில் இருக்கும்போது இன்னொருவர் ஆட்டத்தை முடித்துவிட்டு குளித்துக்கொண்டிருப்பார். ஒரு நாளைக்கு மட்டும் 156 பெருக்கல் 18, அதாவது 2,808 எண்கள் வந்து சேர வேண்டும்.

12 குழி முடித்தவரையும் 18 குழி முடித்தவரையும் எப்படி ஒப்பிடுவது? மொத்த ஸ்ட்ரோக்கை வைத்து முடியாது. அதனால்தான் 'பார்' கணக்கு. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு அளவு உண்டு, அதைவிட எத்தனை குறைவு, எத்தனை கூடுதல் என்று காட்டுகிறார்கள். 1960 மாஸ்டர்ஸ் போட்டியை ஒளிபரப்பியபோது சிபிஎஸ் டிவி தயாரிப்பாளர் ஃப்ராங்க் சிர்கினியன் கொண்டுவந்த முறை இது. டிவி பார்ப்பவருக்கு யார் முன்னால் இருக்கிறார் என்று சட்டென்று புரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இன்று நம் போனில் தெரியும் மைனஸ் 15 அங்கிருந்து வந்ததுதான்.

அந்த எண்ணை யார் போடுகிறார்கள்?

மனிதர்கள். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

பெரிய போட்டிகளில் ஒவ்வொரு குரூப்போடும் ஒரு ஸ்கோரர் கூடவே நடப்பார். கையில் ஒரு சின்ன கருவி. ஒவ்வொரு அடியையும் அதில் பதிவார். அமெரிக்காவின் பிஜிஏ டூர், 2000களின் தொடக்கத்தில் ஷாட்லிங்க் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. லேசர் கருவியோடு தன்னார்வலர்கள் ஆங்காங்கே நின்று, பந்து எங்கே விழுந்தது, குழிக்கு எத்தனை அடி தூரம் என்று அளப்பார்கள். வாரத்துக்குச் சுமார் 350 தன்னார்வலர்கள் தேவைப்பட்ட ஏற்பாடு அது. இப்போது கேமராவும் ரேடாரும் அந்த வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன.

நம் ஊரில் நடக்கும் போட்டிகளுக்கு இவ்வளவு படை கிடையாது. 2006இல் தொடங்கிய பிஜிடிஐ, அதாவது இந்தியத் தொழில்முறை கோல்ஃப் டூர், தன் இணையதளத்தில் லைவ் ஸ்கோர் கொடுக்கிறது. கிளப் அளவிலான போட்டிகளில் கோல்ஃப் ஜீனியஸ், ப்ளூகோல்ஃப் மாதிரி மென்பொருட்கள் உண்டு. அவற்றில் ஆடுபவரே ஒவ்வொரு குழி முடிந்ததும் போனில் எண்ணைத் தட்டிவிடலாம். கிளப்ஹவுஸில் இருக்கும் டிவியில் உடனே மாறும்.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் கோல்ஃபில் ஒரு 'அடி'யை எண்ணுவது பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் அல்ல. அடிக்க நினைத்து வீசினார், பந்து மேல் படவே இல்லை: அதுவும் ஓர் அடி. பயிற்சிக்காக வீசினார்: அது கணக்கில்லை. நூறு மீட்டர் தள்ளி நிற்பவர் இரண்டையும் எப்படிப் பிரிப்பார்? பந்து தண்ணீரில் விழுந்தால் ஒரு பெனால்டி. புதருக்குள் பந்து தானாக லேசாக அசைந்ததா, இவர் அசைத்தாரா? அது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஸ்கோரர் கண்ணில் பட்டது ஐந்து, உண்மையில் ஆறு. இந்த மாதிரி எண்ணை எந்த மென்பொருளாலும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது.

அதிகாரிகளுக்கே தெரியாமல் போனதும் உண்டு. 2016 யு.எஸ். ஓப்பன், ஓக்மாண்ட் மைதானம், கடைசி நாள். 5வது குழியில் டஸ்டின் ஜான்சனின் பந்து லேசாக அசைந்தது. 12வது குழியில் அவரிடம் வந்து, அதற்குப் பெனால்டி வரலாம், ஆட்டம் முடிந்ததும் முடிவு செய்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு லீடர்போர்டில் இருந்த எண் உண்மையா இல்லையா என்று ஆடுபவர்களுக்கும் தெரியாது, பார்ப்பவர்களுக்கும் தெரியாது. பின்னால் வருபவர்கள் எந்த எண்ணைத் துரத்துவது? கடைசியில் ஒரு ஸ்ட்ரோக் சேர்த்தார்கள், ஜான்சன் மூன்று வித்தியாசத்தில் ஜெயித்ததால் பிரச்சினை அமுங்கியது. ஒரு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்படியானால் எது உண்மையான ஸ்கோர்?

விதிப்படி, ஸ்கோர்கார்டு. ஆடுபவரின் ஸ்கோரை அவர் எழுதுவதில்லை. கூட ஆடுபவர் 'மார்க்கர்' என்ற முறையில் எழுதுவார். முடிந்ததும் இருவரும் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். உண்மையைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டால் பொதுவாக தகுதி நீக்கம். அதிகமான எண்ணுக்குப் போட்டால் அந்த அதிக எண்ணே நிற்கும். கூட்டல் தப்பானால் பரவாயில்லை, அது போட்டிக் குழுவின் பொறுப்பு. ஒவ்வொரு குழியின் எண்தான் ஆடுபவரின் பொறுப்பு.

இந்த விதியின் கொடுமையை அனுபவித்தவர் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்ஸோ. 1968 ஏப்ரல் 14, மாஸ்டர்ஸ் கடைசி நாள், அவருடைய 45வது பிறந்தநாளும்கூட. 17வது குழியை மூன்றே அடியில் முடித்தார். சுற்றியிருந்த கூட்டம் பார்த்தது, டிவியில் உலகம் பார்த்தது. மார்க்கராக இருந்த டாமி ஆரன் மட்டும் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்ஸோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். 65 அடித்தவருக்கு 66 நின்றது. பாப் கோல்பியோடு மறுநாள் பிளே-ஆஃப் ஆடியிருக்க வேண்டியவர், ஒன்றில் தோற்றவர் ஆனார்.

அது பேப்பர் காலம், இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பீர்கள். 2024 பிப்ரவரி, ஜெனிசிஸ் போட்டி. ஜோர்டான் ஸ்பீத் 4வது குழியில் நான்கு அடி எடுத்தார். கார்டில் மூன்று என்று இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். தகுதி நீக்கம். உலகமே அந்த நான்கை அடி அடியாக ஆன்லைனில் பார்த்திருந்தது. 56 வருடத்தில் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது, அட்டையின் அதிகாரம் அப்படியே இருக்கிறது.

இதைப் படித்ததும் பலருக்கு வரும் கோபம் நியாயமானது. கம்ப்யூட்டருக்கே சரியான எண் தெரியும்போது எதற்கு இந்த அட்டை? தூக்கிப் போடலாமே?

கூடாது என்பேன். கம்ப்யூட்டருக்குச் சரியாகத் தெரிந்தது ஸ்பீத் சம்பவத்தில். ஓக்மாண்டில் தெரியவில்லை. கேமராவும் ரேடாரும் இல்லாத நம் ஊர் மைதானத்தில் பல நாட்கள் தெரியாமல்தான் இருக்கும். இது கோல்ஃபுக்கு மட்டுமான சிக்கலும் இல்லை. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, எலக்ட்ரானிக் பலகைகளிலிருந்து காய் நகர்வுகளை நாம் வீட்டிலிருந்தே பார்த்தோம். அந்த வகைப் பலகையில் ஆட்டம் முடிந்ததும் இருவரும் காய்களை நகர்த்திப் பேசிக்கொண்டிருந்தால், அதுவும் ஆட்டத்தின் நகர்வு மாதிரி திரையில் வந்துவிடுவது உண்டு. அங்கும் கடைசி வார்த்தை, இருவரும் கையெழுத்திட்ட தாள்தான்.

பலர் கண் முன்னால் சரிபார்க்கும் இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் 919, 921 ஆண்டுகளின் சோழர் கால கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். குடத்திலிருந்து ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்ததும் அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே வாசிக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த முறை இடமில்லை. ஒரே ஓலையை ஏன் அத்தனை பேர் வாசிக்க வேண்டும் என்று அன்றும் யாராவது அலுத்துக்கொண்டிருப்பார்கள்!

ஒரு ஸ்ட்ரோக்குக்கு இவ்வளவு சண்டையா?

பணக்காரர் ஆட்டம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் கதை கொஞ்சம் வேறு. இங்கே கோப்பை வாங்கியவர்களில் பலர் மற்றவர்களின் பையைச் சுமந்த கேடிகளாகத் தொடங்கியவர்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இலும் 1993இலும் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார். இப்படி வந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வழக்கமாக இரண்டு சுற்று முடிந்ததும் 'கட்' என்று ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் பரிசுப் பணத்தில் பங்கு. ஒரு ஸ்ட்ரோக் கீழே இருந்தால், வந்த டிக்கெட் காசும் தங்கிய ரூம் வாடகையும் கைநஷ்டம்.

லைவ் போர்டைப் பார்த்து, கட்டுக்கு உள்ளே இருக்கிறோம் என்று நம்பி கடைசிக் குழியில் நிதானமாக ஆடுபவர், பிறகு அந்த எண் தப்பு என்று தெரிந்தால் யாரிடம் போய் நிற்பார்?

என்னைக் கேட்டால், சின்னப் போட்டிகள் எல்லாமே லைவ் ஸ்கோர் மென்பொருளுக்கு மாற வேண்டும். தயங்கவே வேண்டாம். கோல்ஃப் விதிகளே எலக்ட்ரானிக் ஸ்கோர்கார்டை அனுமதிக்கின்றன, போட்டிக் குழு ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் எப்படி மாறுகிறோம் என்பதுதான் விஷயம். ஒருவர் மட்டும் எண்ணைத் தட்டும் ஏற்பாடு வேண்டாம். ஆடுபவரும் மார்க்கரும் அவரவர் போனில் தனித்தனியாகப் போடட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அடுத்த டீக்குப் போகும் முன்பே சிவப்பாகக் காட்டட்டும். சில மென்பொருட்களில் இந்த வசதி இருக்கிறது, அவசரத்தில் அணைத்து வைத்துவிடுகிறார்கள். டி விசென்ஸோவின் 4ஐ இந்த ஒரு சிவப்புப் புள்ளி 18வது குழிக்கு முன்பே பிடித்திருக்கும்.

அடுத்தது, நமக்குக் காட்டும் திரை. கையெழுத்து ஆகாத எண்ணையும் ஆன எண்ணையும் ஒரே நிறத்தில் காட்டக் கூடாது. தேர்தல் முடிவு நாளில் 'முன்னிலை' என்றும் 'வெற்றி' என்றும் பிரித்துத்தானே போடுகிறார்கள்? கோல்ஃபுக்கு மட்டும் ஏன் முடியாது? ஓர் எண்ணைத் திருத்தினால் எத்தனை மணிக்கு, எதிலிருந்து எதுவாகத் திருத்தினார்கள் என்பதும் தெரிய வேண்டும். இப்போது ரெஃப்ரெஷ் செய்தால் பழைய எண் காணாமல் போகிறது, யாரும் கேட்பதில்லை.

சிக்னல் இல்லாத மூலைகளுக்காகப் பேப்பர் கார்டும் பாக்கெட்டில் இருக்கட்டும். மலை மைதானங்களில் இது கட்டாயம். வெயிலில் 18 குழியும் கூடவே நடக்கும் ஸ்கோரருக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் கொடுத்தால் போதாது. முந்தின நாள் இரண்டு மணி நேரம் பெனால்டி விதிகளைச் சொல்லிக்கொடுத்து, நாள் கூலியும் கொடுக்க வேண்டும். லைவ் என்று நாம் பார்ப்பது அவர் விரலில் இருந்து வருவதுதான்.

டாமி ஆரன் கதையில் ஒரு மிச்சம் உண்டு. 1973 மாஸ்டர்ஸில் அவரே ஜெயித்தார். அந்தக் கடைசிச் சுற்றில் அவருக்கு மார்க்கராக இருந்த ஜானி மில்லர், 13வது குழியில் ஆரன் எடுத்த 4ஐ 5 என்று எழுதியிருந்தார். ஆரன் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, அதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்.