ஊரே சொன்னால் உண்மையாகிவிடுமா? ஒரு கொலை வழக்கும் வால்டேர் கேட்ட கேள்வியும்

'குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி'. நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி படிக்கும் வரி இது. மனதை உலுக்கும் குற்றம் ஒன்று நடந்ததும் முதலில் கசப்பதும் இதே வரிதான். 'இவனுக்கெல்லாம் எதுக்கு விசாரணை?' என்று சட்டென்று கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்ட ஓர் ஊரில் என்ன நடந்தது என்று பார்த்தால், இந்த வரி ஏன் வந்தது என்பது புரியும்.

துலூஸில் என்ன நடந்தது?

தெற்கு பிரான்ஸின் துலூஸ் நகரில் துணி வியாபாரம் செய்தவர் ழான் கலாஸ். கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊரில் அவர் புராட்டஸ்டன்ட். 1761 அக்டோபர் 13 இரவு, வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த கடையில் அவருடைய மூத்த மகன் மார்க் அந்துவான் இறந்து கிடந்தார். தற்கொலை செய்துகொண்டவரின் உடலைத் தெருவில் இழுத்துச் சென்று அவமதிப்பது அக்கால வழக்கம். யாரோ கொன்றுவிட்டதாக முதலில் சொன்ன குடும்பத்தினர், பிறகு தூக்கில் தொங்கியதாகச் சொன்னார்கள்.

அதற்குள் வாசலில் கூடிய கூட்டம் முடிவு கட்டிவிட்டது. மகன் கத்தோலிக்கராக மாறப்போனாராம், அதனால் அப்பாவே கொன்றுவிட்டாராம். யார் கிளப்பியது என்றே தெரியாத பேச்சு, வழக்காகவே மாறியது. சாட்சிகளை அழைத்துத் தேவாலயங்களில் வாசிக்கப்பட்ட அறிவிப்பே, கொலை நடந்தது உறுதி என்கிற தொனியில்தான் இருந்தது.

விசாரணை ரகசியமாக நடந்தது. குற்றம்சாட்டப்பட்டவர் பக்கம் நின்று வாதாட வழக்கறிஞர் கிடையாது. தீர்ப்புக்கு நீதிபதிகள் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. அரைச் சான்று, கால் சான்று என்று துண்டு துண்டாகக் கூட்டி முழுச் சான்றாக்கும் முறையும் இருந்தது. 13 நீதிபதிகளில் 8 பேர் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள். 1762 மார்ச் 10 அன்று, சித்திரவதைக்குப் பின், எலும்புகளை முறித்து கலாஸைக் கொன்றார்கள். கடைசி வரை அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

பகுத்தறிவு செய்த வேலை

ஜெனீவா அருகே வசித்த தத்துவ அறிஞர் வால்டேர் இதைக் கேள்விப்பட்டார். உடனே எந்தப் பக்கமும் சாயவில்லை. கலாஸின் பிள்ளைகளை நேரில் விசாரித்தார். பிறகு எளிமையான ஒரு கேள்வி கேட்டார்: 60 வயதைத் தாண்டிய ஒருவர், 28 வயது இளைஞரைத் தனி ஆளாகத் தூக்கில் போட முடியுமா? அன்று வீட்டில் மனைவி, இன்னொரு மகன், ஒரு விருந்தாளி, பணிப்பெண் எல்லாரும் இருந்தார்கள். அந்தப் பணிப்பெண் கத்தோலிக்கர். கொலை என்றால் எல்லாரும் சேர்ந்து செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாருமே செய்யவில்லை. மற்றவர்களுக்கு மரண தண்டனை இல்லை என்றால், அப்பாவை மட்டும் கொன்றது எப்படிச் சரி?

1763-ல் சகிப்புத்தன்மை குறித்து ஒரு நூலே எழுதினார். 1765 மார்ச் 9 அன்று, அரசரின் நீதிபதிகள் கலாஸ் நிரபராதி என்று ஒருமனதாக அறிவித்தார்கள். பெயர் திரும்பியது, உயிர் திரும்பவில்லை.

நல்ல மனசு போதாது

ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வால்டேர் கிடைப்பாரா? மாட்டார். அதனால்தான் அமைப்பையே மாற்ற வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் காப்பதற்கே அரசு என்று ஏற்கெனவே எழுதியிருந்தார் இங்கிலாந்தின் ஜான் லாக். சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, தீர்ப்பு சொல்வது மூன்றும் ஒரே கையில் இருந்தால் சுதந்திரம் இருக்காது என்றார் மாண்டெஸ்கியூ. சித்திரவதை, உடல்வலு உள்ள குற்றவாளியைத் தப்பவிடும், பலவீனமான அப்பாவியை மாட்டிவிடும் என்று 1764-ல் காட்டினார் இத்தாலியின் பெக்காரியா.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 9-வது பிரிவு, குற்றவாளி என்று தீர்ப்பாகும் வரை ஒவ்வொருவரும் நிரபராதியே என்றது.

கதை இதோடு சுபமாக முடியவில்லை. 5 ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1794 ஜூன் 10 அன்று அதே புரட்சி அரசு, 'மக்கள் விரோதிகள்' எனப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர் உதவியை மறுத்துச் சட்டம் போட்டது. அதன் பின்னால் நின்றவர் ரோபஸ்பியர். ஏழே வாரங்களில் அவரையே விசாரணை இல்லாமல் கில்லட்டினில் ஏற்றினார்கள்.

'அப்போ குற்றவாளி தப்பிச்சிடுவானே?' என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால், விசாரணையைச் சுருக்கினால் குற்றவாளி சிக்குவான் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. கைக்குக் கிடைத்தவர் சிக்குவார் என்பது மட்டுமே நிச்சயம். துலூஸ் மக்கள் கொடூரமானவர்கள் அல்ல. தங்களுக்கு உண்மை தெரியும் என்று உறுதியாக நம்பியவர்கள். நாம் எல்லாரும் ஒரே குரலில் 'இவன்தான்' என்று சொல்லும் நாளில்தான் அந்த 9-வது பிரிவு அதிகம் தேவைப்படுகிறது.