மதகு பழுதானால் பலகையைப் பிடுங்குவோமா?

தென்னூர் உழவர் சந்தைக்குக் காய் ஏத்திட்டுப் போற பழைய கார் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. போன மாசம் சந்தையிலிருந்து திரும்பும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. தெர்மோஸ்டாட் திறக்காமல் இறுகிப்போச்சு என்றார் மெக்கானிக். சரி, புதுசு போட்டாச்சு. மறுநாள் காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் பச்சையாய்ச் சொட்டியிருக்கு. கூலன்ட்!

திரும்பக் கொண்டுபோனேன். "அண்ணே, நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே எதுக்கு? கழட்டிப் போட்டுட்டு வெறும் தண்ணி ஊத்தி ஓட்டுங்க" என்றார். டவுனில் கார் வைத்திருக்கும் நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். என்னைக் கேட்டால், இது தப்பான யோசனை.

தெர்மோஸ்டாட் என்பது வாய்க்கால் மதகு மாதிரி. உள்ளே இருக்கும் மெழுகு 82 முதல் 88 டிகிரி சூட்டில் உருகி விரியும். வால்வு திறந்து கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். அதுவரை மூடியிருப்பதால்தான் இன்ஜின் சீக்கிரம் சூடாகிறது. எடுத்துவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். டீசலோ பெட்ரோலோ கூடக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். மதகு பழுதானால் சரிபண்ணுவோமே தவிர, பலகையைப் பிடுங்கி எறிய மாட்டோம்.

வெறும் தண்ணியும் வேண்டாம். அதுவும் நம்ம போர் தண்ணி உப்பு. உள்ளே காரை பிடிக்கும், அலுமினியத்தை அரிக்கும். கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கு, கொதிநிலையும் கூடுதல்.

எல்லாவற்றையும் விட, ஒழுகியது மூடி உட்காரும் இடத்தில். உள்ளே இருப்பதைக் கழற்றினால் அந்த ஒழுகல் எப்படி நிற்கும்?

இன்ஜின் நல்லா ஆறின பிறகு நின்று பார்த்துப் பிரிக்கச் சொன்னேன். பழைய பேப்பர் கேஸ்கட் துணுக்குகள் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்தன. அதன் மேலேயே புதுசை வைத்து, போல்ட்டையும் ஒரு பக்கமாக இறுக்கியிருக்கார். கீறல் விழாமல் சுரண்டித் துடைத்து, புது கேஸ்கட் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி சமமாக இறுக்கினார். ஹோஸ் கிளாம்ப்பும் தளர்ந்திருந்தது, மாற்றினோம். கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழ் நின்ற பிறகு மூடினோம். ரெண்டு வாரமாச்சு, ஒரு சொட்டு இல்லை.

கேஸ்கட்டுக்கு ஆன காசு சில கிலோ கத்தரிக்காய்க்கு வரும் காசுதான். ஒழுகவிட்டு ஓட்டி இன்ஜின் ஹெட் வளைந்திருந்தால், ஒரு போகத்து வருமானமே போயிருக்கும்.

இன்னொண்ணு. கீழே சிந்திய கூலன்டை அப்படியே விடாதீங்க. இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். மண்ணைப் போட்டு உறிஞ்சி அள்ளிடுங்க. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் திறக்காதீங்க.

மெக்கானிக் மேல் எனக்குக் கோபமில்லை. சீக்கிரம் முடித்துக் கொடுக்கச் சொல்லி அவசரப்படுத்துவது நாமதானே? அடுத்த தடவை அரைமணி நேரம் கூடக் கொடுத்து, கூட நின்று பாருங்க.