கரை தெரியாத நாட்கள்

அட்லாண்டிக் பெருங்கடலைக் கப்பலில் கடக்கத் திட்டமிட்டிருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதினான்கு நாள் பயணம். அதில் எட்டு நாட்கள் தொடர்ச்சியாக எந்தத் துறைமுகமும் இல்லை. "அந்த எட்டு நாளும் என்னதான் செய்வது?" என்பது கேள்வி. நான் அத்தகைய பயணம் ஒன்றைச் செய்தவன் என்பதால் என்னைக் கேட்டார். மின்னஞ்சலில் சில நடைமுறைக் குறிப்புகளை எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்ற எண்ணம் வந்தது. அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் நடைமுறை. குளிர்காலம் முழுவதும் கரீபியன் தீவுகளைச் சுற்றிக்கொண்டிருக்கும் உல்லாசக் கப்பல்கள் ஏப்ரல், மே மாதங்களில் மத்தியதரைக் கடலுக்கு இடம்பெயர்கின்றன. அக்டோபர், நவம்பரில் திரும்புகின்றன. எப்படியும் போயாக வேண்டிய கப்பல் என்பதால் நாள் ஒன்றுக்கான கட்டணம் பெரும்பாலும் குறைவு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் புறப்படும் நாடு, இறங்கும் நாடு இரண்டின் விசாக்களையும் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். குமட்டலுக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுப்பது நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு. தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் மேல்தளத்திற்கு வந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும்.

கிழக்கு நோக்கிச் செல்லும் பயணத்தில் கடிகாரத்தை அவ்வப்போது ஒரு மணிநேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். பதினைந்து பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணிநேரம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஃபுளோரிடாவிலிருந்து பார்சலோனா சேர்வதற்குள் ஆறு முறை அப்படி நிகழ்ந்தது. ஆறு நாட்கள் நமக்கு இருபத்துமூன்று மணிநேரமே உடையவை. மேற்கு நோக்கிப் போனால் அதே கணக்கு தலைகீழாகி இருபத்தைந்து மணிநேர நாட்கள் கிடைக்கும். சற்று வயதானவர்களுக்கு மேற்கு நோக்கிய பயணமே உடம்புக்கு இதம்.

இவ்வளவும் எவரும் சொல்லக்கூடியவை. நான் சொல்ல விரும்புவது அந்த எட்டு நாட்களைப் பற்றி.

நான் தூத்துக்குடிக்காரன். என் தந்தை தோணியில் பண்டாரியாக இருந்தவர். தோணிக்குத் தலைவர் தண்டல், சமைப்பவர் பண்டாரி. பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் காய்கறியும் ஓடும் சல்லியும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்மரத் தோணிகள் போய்வந்த கடைசிக் காலம் அது. எஞ்சின் பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல். மாலத்தீவின் மாலே அதைப்போல் இரண்டரை மடங்கு தூரம். இந்தத் தூரங்களை நாட்களாக மாற்றிச் சொல்ல முடியாது. காற்றுதான் அதைச் சொல்ல வேண்டும். வாடையும் கச்சானும் ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்றிக்கொள்ளும் கடல் நம்முடையது. தென்மேற்குப் பருவம் சீறும் மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். மற்ற மாதங்களில் போனவர்கள் வரும்போது வருவார்கள்.

போன அப்பா திரும்பி வந்ததும், பயணம் எப்படி என்று யாராவது கேட்டால், அவர் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். "காத்து இல்ல. கெடந்தோம்." அதற்குமேல் நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. கொண்டுவந்த மாசிக் கருவாட்டின் மீதுதான் வீட்டில் எல்லோருடைய கவனமும் இருந்தது.

தூத்துக்குடியில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். உண்மை வேறு. எங்கள் ஊரின் பெருமைக்குரிய கடல் கதைகள் எல்லாம் கரைக்கு அருகில் நடந்தவை. முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். முத்துப்பார்கள் கிடப்பது பத்துப் பாகத்திற்கு உட்பட்ட ஆழத்தில். விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பிவிடுவார்கள். கல்லைக் காலில் கோத்து இறங்கியவர் மூச்சடக்கியது ஏறத்தாழ ஒரு நிமிடம். உயிரைப் பணயம் வைத்த தொழில்தான். ஆனால் அன்றாடம் கரை திரும்பும் தொழில். 1961இல் நடந்த சலாபத்தோடு அதுவும் முடிந்தது.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் மறு ஆண்டு வந்து சேர்ந்ததும், போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்ததும் பாடப்புத்தகத்தில் உள்ளவை. அந்தக் கப்பலில் ஏறியவர் இரவில் என்ன செய்தார், எங்கே படுத்தார், என்ன பேசினார் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இரயில் தனுஷ்கோடி வரை போகும் முன், இலங்கைக்குப் போன தொழிலாளர்களில் எத்தனையோ பேர் எங்கள் துறைமுகத்தில்தான் கப்பலேறினார்கள். அவர்களுடைய முதல் கடலிரவு எப்படி இருந்தது என்பதும் நமக்குத் தெரியாது. நம் காலத்தில், 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் ஒன்று விடப்பட்டது. அந்த ஆண்டே நின்றுபோனது. அதற்குள் ஏறிப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

இலக்கியத்திற்கு வருவோம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதாவது, கரையில் நின்று ஏங்குபவளின் குரல். கடல்வழிப் பிரிவில் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமே வகுத்துவிட்டது. எனவே அவள் கரையில் நிற்கிறாள். புலவனும் அவளோடு நிற்கிறான். மணிமேகலையில் சாதுவன் கடலோடுகிறான். நமக்குக் கிடைப்பது கலம் உடைவதும் நாகர் தீவில் அவன் ஒதுங்குவதும், இங்கே ஆதிரை தீப்புகத் துணிவதும். இருபதாம் நூற்றாண்டில் ப.சிங்காரத்தின் நாவல் தோணியைப் புயலில் கொண்டுபோய் வைத்தது. தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. புயல் வராத நாட்கள்? காற்றும் வராத நாட்கள்? கடலோடியின் வாழ்வில் அவைதாமே பெரும்பான்மை? ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கொற்கை' (2009) இரண்டும் எங்கள் கடலோடிகளின் மொழியை நாவலுக்குள் கொண்டுவந்தன. அது பெரிய காரியம். ஆனால் ஈராயிரம் ஆண்டு மரபில் அவை மிகப் பிந்தி வந்த விதிவிலக்குகள்.

நாம் கடலைக் கரையிலிருந்தே எழுதியவர்கள், கரையிலிருந்தே வாசித்தவர்கள். இதுவே என் எண்ணம். "எட்டு நாள் என்ன செய்வது" என்ற நண்பரின் கேள்வியும் கரையிலிருந்து கேட்கப்படும் கேள்விதான்.

என் பயணம் தனியானதல்ல. அமெரிக்காவில் என்னுடன் ஆறு மாதங்கள் தங்கியிருந்த அம்மா ஊர் திரும்பவேண்டிய வேளை. பாதி வழியைக் கப்பலில் போகலாம் என்றேன். அம்மா எழுபதைக் கடந்தவள். அப்பா தோணியேறிய காலங்களில் ஒவ்வொரு முறையும் பனிமய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாசலில் காத்துக் கிடந்தவள். நாற்பதாண்டுகள் ஒரு கடலோடியோடு குடும்பம் நடத்தியவள், அதுவரை கடலில் ஓர் இரவைக்கூடக் கழித்ததில்லை.

இத்தகைய பயணங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாள் கப்பலைச் சுற்றிப் பார்ப்பதில் போய்விடும். உணவு மலைபோல் குவிந்திருக்கும். இரண்டாம் நாள் வயிறு கெடும். மூன்றாம் நாள்தான் சோதனை. பார்த்ததையே பார்த்தாகிவிட்டது. நீச்சல்குளம், நாடக அரங்கு, சீட்டாட்டம், சொற்பொழிவு என்று கப்பல் நிர்வாகம் அச்சிட்டுத் தரும் நிகழ்ச்சி நிரலை எடுத்து வைத்துக்கொண்டு மணிக்கொரு நிகழ்ச்சிக்கு ஓடத் தோன்றும். பெரும்பாலானோர் அப்படி ஓடியே எட்டு நாட்களையும் கடந்துவிடுகிறார்கள். அவர்கள் கடலில் இருந்ததாகவே நான் கருதவில்லை. ஒரு பெரிய விடுதியில் இருந்தார்கள், விடுதி நகர்ந்தது.

மூன்றாம் நாளைப் பொறுத்துக்கொண்டவருக்கு நான்காம் நாள் வேறு மாதிரி விடியும். கண் பழகிவிடுகிறது. ஒரே நீலம் என்று நினைத்ததில் பல நிறங்கள் தெரிகின்றன. மழை தொலைவில் ஒரு தூண் போல நகர்ந்துபோவது தெரிகிறது. அட்லாண்டிக்கின் நடுவே நீரின் ஆழம் நான்கு கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. பத்துப் பாகத்தில் தரை தட்டும் எங்கள் மன்னார் வளைகுடாவின் பார்களை நினைத்துக்கொண்டேன். மனம் முதலில் பழைய கோபங்களைக் கிளறுகிறது. பிறகு அவையும் தீர்ந்துபோகின்றன.

நான்காம் நாள் மாலை அம்மா மேல்தளத்து நாற்காலியில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "ஏலே, இதுலதான் அவுக கெடந்தாகளா? சோறாக்குன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் என்னத்த நெனைச்சிருப்பாக? நம்மளத்தான் நெனைச்சிருப்பாக, என்ன?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைக் கேட்கவேண்டிய கேள்வி, கேட்க இயலாத காலத்தில், அவர் பார்த்தே இராத கடலில் வந்து சேர்ந்தது. அவர் சொன்ன "கெடந்தோம்" என்ற ஒற்றைச் சொல்லை ஒன்றும் நடக்கவில்லை என்பதாகவே நாங்கள் இத்தனை காலமும் பொருள்கொண்டிருந்தோம். எத்தனை பெரிய பிழை அது.

ஒன்றும் நடக்காத கடல்நாட்களில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு நம்மிடையே அருமையான சான்று ஒன்று இருக்கிறது. ஏ.கே.செட்டியார் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சமாரியா என்ற கப்பலில் போய்க்கொண்டிருந்தார். 1937 அக்டோபர் 2. காந்தியின் பிறந்தநாள். அட்லாண்டிக்கின் நடுவில்தான் காந்தியைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. பின்னர் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, 50,000 அடி அளவுக்குப் படச்சுருள் சேர்த்து, 1940இல் அந்தப் படத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. நிகழ்ச்சி நிரல் இல்லாத ஒரு நாள் அவருக்கு வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதை வாசிப்போர், கடல்நாள் என்பது ஞானம் வழங்கும் தவச்சாலை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் அறையைச் சுத்தம் செய்த கோவாக்காரரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். துறைமுகம் வரும் நாளில் பயணிகள் இறங்கிப் போய்விடுவதால் அவர்களுக்குச் சற்று மூச்சுவிட முடியும். கடல்நாளில் எல்லோரும் கப்பலிலேயே இருப்பதால் வேலை இரட்டிப்பு. நான் காசு கொடுத்து வாங்கிய ஓய்வு அவருக்கு உழைப்பு. தோணியிலும் காற்று விழுந்தால் தண்டல் பாயைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பண்டாரிக்கு மூன்று வேளையும் உலை கொதித்தாக வேண்டும். கடலின் நடுவே கிடந்த நாட்களை என் தந்தை அழகானவை என்று சொல்லியிருப்பாரா என்பது ஐயமே. ஆனால் ஏதோ ஒன்று சொல்லியிருப்பார். அது எங்களுக்கு வேண்டியிருந்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. எட்டு நாட்களையும் நிரப்ப முயலாதீர்கள். இரண்டு புத்தகங்கள் போதும். இணைய இணைப்புக்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள். மூன்றாம் நாள் சலிப்பு வரும் என்று எதிர்பாருங்கள், வந்தால் ஓடாதீர்கள். வயதான பெற்றோரை அழைத்துப் போக முடிந்தால் அழைத்துப் போங்கள். கரையில் பேசாத பேச்சை அவர்கள் அங்கே பேசக்கூடும்.

கப்பல் பயணத்திற்குப் பணமோ வாய்ப்போ இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்வேன், குறிப்பாக எங்கள் பக்கத்து இளம் எழுத்தாளர்களுக்கு. பாயை மட்டுமே நம்பித் தோணி ஓட்டிய தண்டல்களும் பண்டாரிகளும் தூத்துக்குடியின் கடலோரத் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் முதியவர்கள். அவர்களிடம் புயலைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைப் பலமுறை சொல்லியிருப்பார்கள். காற்று விழுந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். "கெடந்தோம்" என்பார்கள். அங்கேயே எழுந்து வந்துவிடாமல் இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருங்கள்.