முத்துநகர் விவசாயிகள் சூரிய மின்சக்திக்கு எதிரானவர்களா?

முத்துநகர் விவசாயிகள் 2025 செப்டம்பரில் திருகோணமலை மாவட்ட செயலகத்துக்கு முன்பாக சத்தியாக்கிரகத்தை ஆரம்பித்தார்கள். அவர்களை அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று முத்திரை குத்துவது இலகு. ஆனால் அவர்கள் கேட்பது "சூரிய மின்சாரம் எதற்கு?" என்பதல்ல, "எங்கள் வயலில் எதற்கு?" என்பதுதான். இந்த வேறுபாட்டை எமது சமூகத்தில் உள்ளவர்களே சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது எனது கவலை.

துறைமுக அதிகார சபை தனக்குரியதெனக் கூறும் காணியில் இவர்கள் பல தசாப்தங்களாக நெல் விதைத்து வந்தவர்கள். அந்தக் காணி இப்போது சூரிய மின்சக்தி நிறுவனங்களின் கைக்குப் போகிறது. சுமார் 800 ஏக்கர் வயலை இழக்கிறோம் என்பது விவசாயிகளின் முறைப்பாடு. முஸ்லிம்களும் தமிழர்களும் அருகருகே அமர்ந்து நடத்திய போராட்டம் இது.

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாடு இது. டொலர் கொடுத்து எரிபொருள் வாங்கியே காலம் கடத்த முடியாது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறும் இலக்கை நானும் வரவேற்கிறேன்.

ஆனால் இன்றைய உண்மையான தட்டுப்பாடு எது? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். கேள்வி குறைந்த விடுமுறை நாளில் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகமாக இருந்ததால் மின்கட்டமைப்பு தளம்பலைத் தாங்கவில்லை என்பதும் அன்று வெளிவந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரை மேல் சூரிய மின்தொகுதிகளைப் பகல் வேளையில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது.

அதாவது, விடுமுறைப் பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது. அதை இரவுக்குச் சேமித்து வைக்க வழியில்லை. இதற்குத் தேவை மின்கலச் சேமிப்புத் தொகுதிகள். 16 இடங்களில் தலா 10 மெகாவோட் மின்கலத் தொகுதிகளை அமைக்க மின்சார சபை கேள்விப்பத்திரம் கோரியதும் இதற்காகத்தான். இவற்றை உப மின் நிலையங்களின் வளவிலேயே அமைக்கலாம். இவற்றுக்கு எவருடைய வயலும் தேவையில்லை. தரையில் அமைக்கும் சூரியப் பலகைகளுக்கோ ஒரு மெகாவோட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஏக்கர் வரை வேண்டும். சேமிப்புக்கு வழி செய்யும் முன் வயல்களைப் பிடிக்க இத்தனை அவசரம் ஏன்?

சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பொதுவாக 50 மெகாவோட்டைத் தாண்டும் புதுப்பிக்கத்தக்க சக்தித் திட்டங்களுக்கே சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாகிறது. அந்த மதிப்பீடு நடந்தால் அறிக்கையைப் பார்வையிட்டு ஆட்சேபனை எழுத மக்களுக்கு 30 நாட்கள் கிடைக்கும். ஒரே பிரதேசத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பல நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் எந்தத் துண்டும் அந்த எல்லையைத் தொடாது. மொத்தப் பாதிப்பைக் கணக்கிடும் பொறுப்பும் எவருக்கும் இல்லாமல் போய்விடும்.

கொழும்பில் வரைபடத்தில் கோடு கீறி ஊரில் வாழ்வைப் பறிப்பதை முஸ்லிம் சமூகம் ஏற்கனவே அனுபவித்திருக்கிறது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காட்டு வர்த்தமானி வெளியானபோது முசலி மக்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? அன்று காடு என்றார்கள், இன்று பசுமைச் சக்தி என்கிறார்கள். இரண்டுமே நல்ல சொற்கள்தான். ஆனால் அந்தக் காணியில் வாழ்பவனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

எனவே ஆவேச அறிக்கைகளும் படம் எடுக்க வந்து போகும் அரசியல்வாதிகளும் மட்டும் போதாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. கமநல சேவை நிலையப் பதிவு, உர மானியப் பதிவு, கமக்காரர் அமைப்பு ஆவணங்கள் என்று கையில் உள்ள ஒவ்வொரு துண்டுக் காகிதமும் சாட்சி. குத்தகை உடன்படிக்கைகளின் பிரதிகளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே கோரலாம். எமது சட்டத்தரணிகள் இதற்கு முன்வர வேண்டும்.

இதை முஸ்லிம்களின் பிரச்சினையாக மட்டும் சுருக்கிவிடவும் கூடாது. அப்படிச் சுருக்கினால் பக்கத்து வயல் தமிழ் சகோதரனை இழப்போம், போராட்டமும் பாதியாகிவிடும்.

அரசாங்கத்திடம் எமது கோரிக்கை எளிமையானது. பயிரிடப்படும் வயல்களை விட்டுவிட்டு அரச கட்டடக் கூரைகளையும் தரிசு நிலங்களையும் முதலில் பாருங்கள். வயலைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், நீர் வசதியுள்ள மாற்றுக் காணியை விவசாயியின் கையில் கொடுத்த பின்னரே இயந்திரத்தை இறக்குங்கள். நாட்டுக்கு மின்சாரம் தேவை என்பதை முத்துநகர் விவசாயியும் அறிவான். அதன் முழு விலையையும் அவன் ஒருவனே கட்ட வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியாது.