மீட்டருக்கு ஒரு முக்காடு

வீட்டை அலங்கரிப்பதில் நம்மவர்களுக்கு உண்டாகியிருக்கும் சிரத்தை மெச்சத் தக்கதே. சுவருக்கு வர்ணம், தரைக்குப் பளபளக்கும் கல், வாசலுக்குச் சித்திர வேலைக் கதவு எல்லாம் ஆனபின், வீட்டு எஜமானியின் பார்வை நடையிலுள்ள ஒரு பொருளின்மீது சென்று தைக்கிறது. மின்சார மீட்டரும், மெயின் ஸ்விட்சும், ப்யூஸ் கட்டைகளும், நாலைந்து குழாய்களும் அங்கே கொலுவீற்றிருந்து வருவோர் போவோரை வரவேற்கின்றன. "இந்த அவலட்சணத்தை மறைத்தே தீர வேண்டும்" என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது.

குளிர் தேசங்களில் பல வீடுகளுக்கு நிலவறை உண்டு. மின்பலகையை அதன் சுவரில் பொருத்திவிடுகிறார்கள். திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களிலும் நிலவறைக்கு எங்கே போவது? கம்பத்திலிருந்து வரும் கம்பி வாசல் சுவரில்தான் இறங்குகிறது. ஆகவே திண்ணை, நடை, மாடிப்படியின் அடி ஆகியவையே மீட்டரின் வாசஸ்தலங்கள். பழைய வீடுகளில் திண்ணையைக் கம்பி அடைத்து அறையாக்கியபோது, வெளியே காற்றாட இருந்த மீட்டர் உள்ளே சிறைப்பட்டது. பிறகு அதன்மேல் ஒரு காலண்டர், அதற்கு முன் ஒரு திரை, கடைசியில் ஒரு செருப்பு அலமாரி. முக்காடு பூரணமாகிவிட்டது!

இதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவர் யார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். ஆபீஸுக்குப் போனவர் போய்விட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இல்லை. மாவரைக்கும் மருமகளும், கூடத்தில் பாட்டியும், தவழும் குழந்தையுமே மிச்சம். ஈரக் கையுடன் கிரைண்டரைத் தொட்டவளை மின்சாரம் பற்றிக்கொண்டால், அவளைத் தொட்டு இழுக்க முயல்பவரையும் அது விடாது. முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அந்த ஸ்விட்சோ அலமாரிக்குப் பின்னால், பாட்டிக்கு எட்டாத உயரத்தில், எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாமல் இருக்கிறது. அழகுக்காகப் போட்ட முக்காட்டின் விலை அப்போதுதான் தெரியும்.

சட்டம் செய்தவர்கள் இதை முன்னமே யோசித்திருக்கிறார்கள். 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில், வீட்டுக்குள் வரும் கம்பிக்குரிய ப்யூஸ் எளிதில் எட்டக்கூடிய இடத்தில், தீப்பற்றாத பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. 2010-ல் வந்த புதிய விதிகளும் அதையே கூறின. அமெரிக்க விதிநூல் இன்னும் கண்டிப்பானது: மின்பலகைக்கு முன்னால் 3 அடி ஆழமும் 30 அங்குல அகலமும் காலியாகவே இருக்க வேண்டும்; துணி அலமாரிக்குள்ளோ குளியலறையிலோ அதை வைக்கலாகாது. நிலவறை வைத்துக் கட்டுகிறவர்களே இவ்வளவு இடம் ஒதுக்கும்போது, நாம் செருப்பு அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினால் குடிமுழுகிப் போகாது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். அதன் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் மின்பலகைக் கதவுக்கு மட்டும் நம்மூர்ப் பூட்டு வேண்டாம். அவசரத்தில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. மீட்டருக்கு ஏற்கெனவே வாரியம் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. அதுதான் முத்திரை. மீட்டர் நம் சுவரில் இருந்தாலும் முத்திரையைத் தொட நமக்கு உரிமை கிடையாது. "நாலடி தள்ளி வைக்கத்தானே, நானே கழற்றி மாட்டிவிடுகிறேன்" என்று சொல்லும் கைதேர்ந்தவரை நம்பிவிடாதீர்கள். அனுமதியின்றி மீட்டரைக் கம்பியுடன் இணைப்பதற்கு 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு மூன்று வருஷம் வரை சிறை, பதினாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கிறது. இடம் மாற்ற வேண்டுமானால் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, உரிய கட்டணம் செலுத்தினால், அவர்களே வந்து மாற்றுவார்கள். மீட்டருக்கு அப்பாலுள்ள கம்பிகள் நம்முடையவை. அவற்றை லைசென்ஸ் பெற்றவரைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.

புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் குளியலறைச் சுவரையும், மாடித் தண்ணீர்த் தொட்டியின் கீழ்ப்புறத்தையும், காஸ் சிலிண்டரின் பக்கத்தையும் விலக்குங்கள். ஐப்பசி மழையில் எந்தச் சுவர் ஓதம் காக்கிறதென்று பார்த்து அதையும் தள்ளிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கொருமுறை கணக்கெடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் எண்ணைக் குறித்துவிட்டு, வீட்டுக்குள் நுழையாமலே திரும்பக்கூடிய இடமாயிருப்பின் இரு தரப்புக்கும் சௌகரியம்.

மறைப்பதே கூடாதென்று சொல்ல வரவில்லை. கீலில் முழுவதும் திறக்கும் தகரக் கதவு போடலாம். மேலும் கீழும் காற்றுப் போக வழியும், மீட்டருக்கு நேரே ஒரு கண்ணாடிச் சாளரமும் அதில் இருக்கட்டும். இளகிய முனைகளில் சூடேறும்போது வரும் தீய்ந்த வாசனை வெளியே வந்தால்தான் நமக்கு எச்சரிக்கை. இறுக அடைத்த மரப்பெட்டியோ அந்தச் சூட்டுக்கு விறகு. உள்ளே பல்லியும் எறும்பும் குடியேறாதபடி குழாய் நுழையும் துளைகளை அடைக்கச் சொல்லுங்கள். பலகைக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் கம்பிகள் ஓடுவது வழக்கம். ஆகையால் படம் மாட்ட அங்கே ஆணி அடிக்கவே கூடாது.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டாருக்குத் தனியே ஒரு வார்த்தை. மெயின் ஸ்விட்சை அணைத்ததும் வீடெங்கும் மின்சாரம் நின்றுவிட்டதென்று எண்ணலாகாது. இன்வெர்ட்டர் உடனே விழித்துக்கொள்ளும். அதன் ஸ்விட்ச் எதுவென்றும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அதன் ஆஸிட் பாட்டரியை மூடிய அலமாரிக்குள் திணிக்கவும் கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும்.

வேலை முடிந்ததும் ஒரு பரீட்சை வைக்க வேண்டும். வாத்தியார் புத்தி, பரீட்சை இல்லாமல் விடாது. ராத்திரி விளக்குகளை அணைத்துவிட்டு, வீட்டிலுள்ள பெரியவர்களில் மிகக் குட்டையானவரைக் கூப்பிடுங்கள். முக்காலி இல்லாமல், சாவி இல்லாமல், யாரையும் கேட்காமல் அவர் போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் உங்கள் முக்காடு பாஸ். கை வேறெங்கேனும் தடவினால், அது எத்தனை சித்திர வேலைப்பாடுடையதானாலும் பெயில்தான். மறுநாளே தச்சரைக் கூப்பிட்டனுப்புங்கள்.