ரேக் காலியானால் திட்டு வாங்குவது யார்? பெரிய கடைகள் மூடும்போது ஊழியர்கள் படும் பாடு

சென்னை:
மயிலாப்பூர் மாட வீதி, தி.நகர் உஸ்மான் ரோடு, அடையாறு எல்.பி.ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு பெரிய கம்பெனியின் கிளைக் கடை கண்ணில் படுகிறது. கடையைத் திறக்கும் அன்று பலூன், தோரணம், தள்ளுபடி நோட்டீஸ் என்று அமர்க்களம். ஆனால் மூடும்போது பல கம்பெனிகள் வாயே திறப்பதில்லை. ஒரு நாள் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும், மறுநாள் முழுசாக இறங்கிவிடும்.

இப்படி மூடும் நேரத்தில் கடை வாசலில் இரண்டு தரப்பு நேருக்கு நேர் நிற்கிறது. ஒருவர் பையோடு வரும் வாடிக்கையாளர். இன்னொருவர் யூனிபார்ம் போட்ட ஊழியர். கோபம் இவரிடமிருந்து அவர் மேல் பாய்கிறது. உண்மையில் பதில் சொல்ல வேண்டிய மூன்றாவது ஆள் அந்த இடத்திலேயே இருப்பதில்லை.

சுபிக்ஷா சொன்ன பாடம்

சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. சுபிக்ஷாவை யாரும் மறந்திருக்க முடியாது.

1997-ல் திருவான்மியூரில் முதல் கடை. ஏ.சி. கிடையாது, பளபளப்பு கிடையாது. தெருவுக்குள் சின்ன கடை. ஆனால் எம்.ஆர்.பி. விலையை விடக் குறைத்துக் கொடுத்தார்கள். மருந்து வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி. மாசச் சம்பளக்காரர்களும், பென்ஷன் வாங்கும் பெரியவர்களும் அங்கேதான் போனார்கள். பி.பி., சுகர் மாத்திரை வாங்குபவர்களுக்கு மாதாமாதம் கையில் நாலு காசு மிஞ்சியது.

சென்னையில் வேரூன்றிய அந்தக் கடை, 2006-க்குப் பிறகு நாடு முழுக்க ஓடத் தொடங்கியது. மளிகை, மருந்து, காய்கறியோடு செல்போனும் சேர்ந்தது. 2008-க்குள் சுமார் 1,600 கிளைகள், சுமார் 15 ஆயிரம் ஊழியர்கள். இதற்கான பணத்தில் பெரும் பகுதி கடன். வங்கிகளிடம் மட்டும் ரூ.700 கோடிக்கு மேல் பாக்கி நின்றது.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவால் ஆனது. உலகம் முழுக்க கடன் கிடைப்பது இறுகியது. குறைந்த லாபத்தில் விற்கும் கடைக்கு சரக்கு வேகமாகப் புரள வேண்டும். கையில் காசு இல்லை என்றால் சரக்கு வராது. சரக்கு வராவிட்டால் வியாபாரம் இல்லை. ஆனால் வாடகை, கரண்டு பில், சம்பளம் மட்டும் முதல் தேதி வந்தால் நிற்கும். சுபிக்ஷா இந்தச் சுழலில்தான் மாட்டியது.

2009 தொடக்கத்தில் கடைகள் கொத்துக் கொத்தாக மூடப்பட்டன. மீண்டும் திறக்க ரூ.300 கோடி தேவை என்று நிறுவனம் சொன்னது. அது கிடைக்கவில்லை. சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. காவல் ஆட்களுக்கும் பணம் போகவில்லை, அவர்கள் விலகினார்கள். காவல் இல்லாத கடைகளில் பொருட்கள் சூறையாடப்பட்டதாக நிறுவனத் தரப்பே புகார் சொன்னது. பிறகு கம்பெனியைக் கலைக்க சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

கவுண்டரில் நின்றவர் பாடு

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்பெனிக்குப் பண முடை என்பதை முதலில் காட்டிக் கொடுப்பது ரேக்தான். வங்கிக்கு சரக்கு, வரவு கணக்கு போகிறது. டீலருக்கு செக் திரும்புவது தெரிகிறது. கட்டிட உரிமையாளருக்கு வாடகை வராதது தெரிகிறது. கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு மட்டும், "லோடு நாளைக்கு வரும்" என்று மேலேயிருந்து ஒரு பதில்.

அதைத்தான் அவரும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும்.

"ஏம்மா, இன்னிக்கும் துவரம் பருப்பு வரலியா?"

"நாளைக்கு வந்துடும் மாமி."

நாலு நாள் இப்படிச் சொன்னால் ஐந்தாம் நாள் மாமி சத்தம் போடத்தான் செய்வார். "எதுக்கு கடையைத் திறந்து வச்சிருக்கீங்க?" என்ற கேள்வி, ரெண்டு மாதமாகச் சம்பளம் வாங்காத ஆளின் முகத்தில்தான் வந்து விழும். கம்பெனி வைத்த பொய்யை ஊழியர் தன் வாயால் சொல்கிறார், திட்டையும் அவரே வாங்குகிறார்.

வாடிக்கையாளர் மேலும் தப்பு இல்லை. அவர் பஸ் பிடித்து, பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். ஆனால் அவருக்கு மாற்று வழி இருக்கிறது. மயிலாப்பூரில் ஒரு கடை மூடினால் அடுத்த தெருவில் அண்ணாச்சி கடை இருக்கிறது. கூட்டுறவு அங்காடி இருக்கிறது. ஒரு வாரத்தில் பழக்கம் மாறிவிடும். ஊழியருக்கு அந்த ஒரு வாரத்தில் வேறு வேலை கிடைத்தாலும், பழைய பாக்கி பாக்கியாகவே நிற்கும்.

பிக் பஜாரிலும் இதே கதை

சுபிக்ஷாவோடு இது முடியவில்லை. 2022 பிப்ரவரி கடைசியில் பிக் பஜார் கடைகள் திடீரென்று மூடப்பட்டன. பியூச்சர் நிறுவனம் வாடகை கட்ட முடியாமல் தவித்தது. பல கடைகளின் குத்தகை ஏற்கனவே ரிலையன்ஸ் கைக்குப் போயிருந்தது. ரிலையன்ஸ் கடைகளை எடுத்துக்கொண்டது. ஷாப்பிங்குக்கு வந்த குடும்பங்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பின.

அந்தக் கடை ஊழியர்களுக்கு வேலை தருவதாக ரிலையன்ஸ் தரப்பில் அப்போது சொல்லப்பட்டது. கடையை வாங்க இன்னொரு பெரிய கை இருந்ததால் அந்தப் பேச்சாவது வந்தது. சுபிக்ஷாவுக்கு அப்படி யாரும் வரவில்லை. பியூச்சர் ரீடெய்ல் 2022 ஜூலையில் திவால் தீர்ப்பாயத்துக்குப் போனது, 2024 ஜூலையில் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது.

வெளிநாட்டில் எப்படி?

சுபிக்ஷா தள்ளாடிய அதே குளிர்காலத்தில் இங்கிலாந்தில் ஊல்வொர்த்ஸ் என்ற பழம்பெரும் கடை கவிழ்ந்தது. 807 கிளைகள், சுமார் 27 ஆயிரம் ஊழியர்கள். கடைசிக் கடைகள் 2009 ஜனவரி 6-ந்தேதி மூடின.

அங்கே மூடும் முன் தள்ளுபடி விற்பனை நடந்தது. கூட்டம் முட்டி மோதியது. பொருள் தீர்ந்ததும் ரேக், அலமாரி வரை விலை பேசி வாங்கிப் போனார்கள். விற்றுக் கொடுத்தவர்கள் அதே ஊழியர்கள்தான். தங்கள் வேலையைத் தாங்களே விற்று முடிப்பது போல.

முன்கூட்டிப் பேசாமல் வேலையை விட்டு அனுப்பியதாக ஊழியர் சங்கம் வழக்குப் போட்டது. 2012-ல் சுமார் 24 ஆயிரம் பேருக்கு 60 நாள் சம்பளம் கொடுக்கத் தீர்ப்பு வந்தது. ஆனால் 20 பேருக்குக் குறைவாக வேலை பார்த்த கிளைகளின் ஊழியர்கள் 3 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கிளையையும் தனித் தனியாகத்தான் எண்ண வேண்டும் என்று 2015-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கம்பெனி ஒன்று, முதலாளி ஒன்று, சின்ன கடையில் நின்றது மட்டும் குற்றம்.

அமெரிக்காவில் 2018-ல் டாய்ஸ் ஆர் அஸ் என்ற பொம்மைக் கடை மூடியது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழப்பீடு இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனியை வாங்கிக் கடனில் மூழ்கவிட்ட முதலீட்டு நிறுவனங்களின் வாசலுக்கே போய்ப் போராடினார்கள். கடைசியில் கே.கே.ஆர்., பெய்ன் என்ற இரண்டு நிறுவனங்கள் 2 கோடி டாலர் நிதி ஒதுக்கின. சட்டம் தராததைக் கூட்டமாகக் கேட்டு வாங்கினார்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

நம் ஊரில் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

1947-ம் வருட தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்கக் கூடாது. நோட்டீஸ் இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் இன்னும் தெளிவாக இருக்கிறது. கடை மூடியதால் வேலை போனால், பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடத்துக்குள் தொழிலாளர் துறையிடம் மனு போடலாம்.

கம்பெனி திவாலுக்குப் போனாலும், கடைசி 24 மாத சம்பள பாக்கிக்கு, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமான இடம் தொழிலாளிக்கு உண்டு. மேனேஜர் போன்ற மற்ற ஊழியர்களுக்கு அதற்கு அடுத்த படியில், 12 மாதம். பி.எப்., கிராஜுவிட்டி பணத்தில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது.

பேப்பரில் இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், "நான் இங்கே வேலை பார்த்தேன்" என்று நிரூபிக்க வேண்டும். நியமன ஆர்டர் இல்லை. சம்பள ஸ்லிப் இல்லை. பாதிப் பேர் ஏஜென்சி மூலம் வந்தவர்கள், கம்பெனி ரிஜிஸ்டரிலேயே பேர் இருக்காது. யூனிபார்மில் கம்பெனி பேர் இருக்கும், சம்பளம் போட்டவன் வேறு ஆள். கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார்.

சுபிக்ஷா நிறுவனர் சுப்பிரமணியன் மீது வங்கிக் கடன் விவகாரத்தில் அமலாக்கத்துறை 2018-ல் நடவடிக்கை எடுத்துக் கைது செய்தது. விஸ்வப்பிரியா நிதி நிறுவன டெபாசிட் மோசடி வழக்கில் 2023 நவம்பரில் சென்னை சிறப்புக் கோர்ட்டு அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. டெபாசிட் போட்டவர்கள் கையில் ரசீது இருந்தது. வங்கிகளிடம் பத்திரம் இருந்தது. கவுண்டரில் நின்ற ஆளிடம் இருந்தது ஒரு ஐ.டி. கார்டு.

ஊழியர்கள் என்ன செய்யலாம்?

சம்பளம் ஒரு மாதம் தள்ளிப் போனால் உஷாராக வேண்டும். ரேக் காலியாவது, வழக்கமான டீலர் வண்டி வராதது, வாடகை கேட்டு ஆள் வருவது மூன்றும் ஒன்று சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

பி.எப். கணக்கை மாதாமாதம் பார்க்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது குற்றம். 2009-ல் இதைத் தெரிந்துகொள்ள நடையாய் நடக்க வேண்டியிருந்தது. இன்று யு.ஏ.என். நம்பர் இருந்தால் செல்போனிலேயே தெரிந்துவிடும். பணம் ஏறவில்லை என்றால் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ள பி.எப். அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

நியமன ஆர்டர், சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக், வருகைப் பதிவு, டியூட்டி போடும் வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். கடை பூட்டிய பிறகு உள்ளே போக முடியாது. தனித்தனியாக அலையாமல், கிளையில் உள்ள எல்லோரும் ஒரே மனுவாகப் போட்டால் கேட்பார்கள்.

வாடிக்கையாளர்களுக்கு

கிப்ட் வவுச்சர், முன்பணம் கட்டிய கார்டு இருந்தால் கடை ஓடும்போதே தீர்த்துவிட வேண்டும். கம்பெனி திவாலானால் அந்தப் பணத்துக்கு வரிசையில் பின்னால்தான் இடம். மூடும் விற்பனையில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும், திருப்பிக் கொடுக்கப் போனால் கடை இருக்காது. மிக்சி, போன் வாங்கினால் பில் பத்திரம். வாரண்டி தருவது தயாரித்த கம்பெனி என்பதால் கடை மூடினாலும் அது செல்லும்.

இன்னொன்று. காலி ரேக்கைப் பார்த்துக் கோபம் வந்தால், கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் கத்திப் பிரயோஜனம் இல்லை. "உங்களுக்குச் சம்பளம் வருதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். கடை இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.